அழைப்புக்குக் காத்திருந்த பானை

தித்தீனா அடுப்பைத் தணித்துவிட்டு, மூடியைப் பானைமேல் சாய்வாக வைத்தாள். ஒரு விரல் இடம் விட்டு. அதற்கு மேல் விட்டால் ஆவி போய்விடும். முழுக்க மூடினால் பொங்கி வழியும். இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள்.

"ஒரு விரல் போதும்."

"தெரியும் அண்ணி," என்றாள் லொரேல்லா. "எங்க ஊர்லயும் பானைக்கு மூடி உண்டு."

அந்த வீட்டில் சில வாரங்களாக இப்படித்தான் பொழுது விடிகிறது.

நடுவில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொட்சுவோலியில், துறைமுகத்துக்கு மேலே, பியாஜோ குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிச் சுவர் ஒரு நில நடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. அந்த ஊரில் நிலம் நடுங்குவது புதிதல்ல. சுவர் பிளந்ததுதான் புதிது. தீயணைப்புக்காரர்கள் எல்லாரையும் வெளியே அனுப்பி வாசலில் நாடா கட்டினார்கள். பியாஜோ, அவன் மனைவி லொரேல்லா, கல்லூரியில் படிக்கும் மகள் இலாரியா மூன்று பேரும் ஆளுக்கொரு பையோடு, மேட்டில் மோந்தெருஷெல்லோவில் இருக்கும் அக்கா தித்தீனாவின் இரண்டு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். தித்தீனா கல்யாணம் செய்துகொள்ளாதவள். தன் சமையலறையை அதுவரை யாரோடும் பங்கு போட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது, லொரேல்லா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"கட்டடம் தேறலேன்னா நான் இலாரியாவைக் கூட்டிக்கிட்டு ரொவீகோ போறேன். எங்க அண்ணன் வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு. நீ வந்தா வா. வரலேன்னா..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்கச் சொல்லிப் பியாஜோவும் கேட்கவில்லை. அவன் புரோச்சிதா தீவுக்குப் போகும் படகில் கயிறு கட்டுகிறவன். வடக்கே, லொரேல்லா பிறந்த ரொவீகோவில் கடல் கிடையாது. வயலும் பனிமூட்டமும்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. தீயணைப்புத் துறை இன்ஜினியர் வந்து, அந்தக் கட்டடத்தில் இனி குடியிருக்கலாமா கூடாதா என்று சொல்லப்போகிற நாள்.

காலையில் பியாஜோ படகுக்கு லீவு சொல்லிவிட்டிருந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்.

"பாருங்க. இருக்கலாம்னு சொல்லிட்டா கூப்பிடறேன். வழக்கம் போலத்தான். 'போடு பாஸ்தாவை'ன்னு. அவ்வளவுதான் சொல்வேன். இல்லேன்னு சொல்லிட்டா, சாமான் எடுக்கக் கொஞ்ச நேரம் உள்ளே விடுவாங்களாம். அதை முடிச்சிட்டுத்தான் வருவேன். எனக்காகக் காத்திருக்காதீங்க. சூப்பை ரொட்டி தொட்டுச் சாப்பிட்டுடுங்க."

"பொத்தானைச் சரியாப் போடுடா," என்றாள் தித்தீனா. "இன்ஜினியர் உன்னையே இடிக்கச் சொல்லிடப் போறார்."

இலாரியா சிரித்தாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

'போடு பாஸ்தாவை' என்கிற அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் மாதிரி. அந்த ஊரிலேயே பாதி வீடுகளில் அதுதான் சட்டம். வெளியே போனவன் பாதி வழியில் போன் போட்டு அதைச் சொல்வான். அப்புறம்தான் வீட்டில் இருப்பவர்கள் கொதிக்கிற பானையில் பாஸ்தாவைப் போடுவார்கள். அவன் வந்து, செருப்பைக் கழற்றி, கை கழுவி உட்காரும்போது பாஸ்தா பதமாக இருக்கும். அழைப்பு வராமல் பாஸ்தா போடுவது, மணமகன் வராமல் கோயில் மணி அடிப்பது போல. யாரும் செய்ய மாட்டார்கள். பாஸ்தா குழைந்துபோகும் என்பது ஒரு காரணம். போனவன் நல்லபடியாகத் திரும்புவானா என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது இன்னொரு காரணம்.

லொரேல்லா கல்யாணமாகி வந்த புதிதில் இதைக் கேட்டுச் சிரித்தவள். இப்போது சிரிப்பதில்லை.

சமையல் மேடையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. இரவு யாருக்கும் தெரியாமல் இரண்டு பேருமே பீன்ஸ் கொட்டையை ஊறப்போட்டிருந்தார்கள். தித்தீனாவின் கிண்ணத்தில் வெள்ளைக் கொட்டை. லொரேல்லாவின் கிண்ணத்தில் சிவப்புப் புள்ளி போட்ட கொட்டை, ரொவீகோவிலிருந்து அவள் அண்ணன் அனுப்பியது.

"இது வேக நேரமாகும்," என்றாள் தித்தீனா, புள்ளிக் கொட்டையை விரலால் தள்ளி.

"அதனாலதான் நல்லாயிருக்கும்."

"எங்க வீட்டுல இந்தக் கொட்டை போட்டதில்ல."

"எங்க வீட்டுல வெள்ளைக் கொட்டையக் கோழிக்குப் போடுவாங்க."

பானை ஒன்றுதான் இருந்தது. வாசலுக்குப் போகிற வழியில் பியாஜோ தலையை நீட்டி, "ரெண்டையும் ஒண்ணாப் போடுங்களேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடியிருந்தான். முடிவில் அதுதான் நடந்தது. புள்ளிக் கொட்டை முதலில் போயிற்று. அது அரைவேக்காடு வந்த பிறகு வெள்ளைக் கொட்டை. ஒரு செலரித் தண்டு, தோலோடு இரண்டு பூண்டுப் பல், ஒரு தக்காளி. உப்பு இப்போது கிடையாது. கடைசியில்தான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒரே கருத்து.

"தவக்காலத்து வெள்ளிக்கிழமையா இல்லாம இருந்தா ஒரு துண்டு பன்றித்தோல் போட்டிருக்கலாம்," என்று பெருமூச்சு விட்டாள் தித்தீனா. "வெறும் கொட்டையில எங்கேர்ந்து கெட்டி வரும்?"

"கொட்டையிலேர்ந்தே வரும். பாருங்க."

லொரேல்லா வெந்த கொட்டையில் மூன்று கரண்டி அள்ளினாள். கைப்பிடியைச் சுற்றினால் மசித்துத் தள்ளும் சல்லடைப் பாத்திரம் ஒன்று அவள் வைத்திருந்தாள். வீட்டை விட்டு அவசரமாக வெளியேறிய அன்று, நகைப் பெட்டியை விட்டுவிட்டு அவள் எடுத்துக்கொண்டு வந்தது அதைத்தான். சுற்றச் சுற்ற அடியில் வழவழவென்று பழுப்பு நிறக் கூழ் இறங்கியது. தோல் மேலே தங்கியது.

தித்தீனா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வழக்கம், மரக்கரண்டியால் பானைச் சுவரோடு வைத்து நசுக்குவது.

"தோலைத் தூக்கிப் போடறியா?"

"வயித்துக்கு நல்லது."

"யாருக்கு? எனக்குத் தோல் சரியாத்தான் செரிக்குது. மனுஷங்கதான் செரிக்கறதில்ல."

லொரேல்லா அடுத்த அடுப்புக்குத் திரும்பினாள். இன்னொரு சட்டியில் ஆலிவ் எண்ணெய் காய்ந்தது. பொடியாக நறுக்கிய செலரி, வெங்காயம், ஒரு காய்ந்த மிளகாய். வெங்காயம் கண்ணாடி போலானதும் அதைப் பானையில் கொட்டினாள். மசித்த கூழையும் கலந்தாள். சூப் ஒரே நொடியில் வேறு நிறத்துக்கு மாறியது.

தித்தீனா கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். முகத்தில் எதையும் காட்டவில்லை. ஆனால் மறுபடியும் ஒரு தடவை தொட்டு வைத்துக்கொண்டாள்.

"மோசமில்ல."

"நல்லாயிருக்குன்னு சொல்லுங்களேன்."

"ஈஸ்டருக்குச் சொல்றேன். இப்போ தவக்காலம்."

பாஸ்தா ஜாடி அலமாரி மேல் தட்டில் இருந்தது. பாக்கெட் பாக்கெட்டாக வாங்கும் பாஸ்தாவில் கடைசியில் மிஞ்சும் கைப்பிடியெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். உடைந்த ஸ்பகெட்டி, குட்டிக் குழாய்கள், சிப்பி வடிவத் துண்டுகள், ஓரம் சுருண்ட பட்டைகள், எது எப்போது வந்தது என்று தெரியாத சுருள்கள். இந்தக் கலப்படத்தைத்தான் பீன்ஸ் சூப்பில் போட வேண்டும் என்பது தித்தீனாவின் பக்கத்து விதி.

"ஒண்ணு குழையும், ஒண்ணு வேகாது," என்றாள் லொரேல்லா. எத்தனையாவது முறையோ.

"ஒரு வீட்டுல எல்லாரும் ஒரே நேரத்துலயா வேகறாங்க?"

ஜாடி மேடைக்கு இறங்கி வந்தது. திறக்கப்படவில்லை. மேடையில் ஜாடியும் அடுப்பில் பானையும் அதன் பக்கத்தில் ஒரு போனும். அழைப்புக்குக் காத்திருந்தன.

மாதா கோயிலில் நண்பகல் மணி அடித்தது. போன் அடிக்கவில்லை.

"இன்ஜினியர் லேட்டா வந்திருப்பார்," என்றாள் தித்தீனா.

"ஆமா. வந்திருக்கவே மாட்டார்."

"வந்திருப்பார். பேசிக்கிட்டிருப்பாங்க. உன் புருஷன் ஒரு கேள்வி கேட்டா ஒன்பது கேள்வி கேப்பான்."

லொரேல்லா இலாரியாவுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு செய்தி வந்தது: 'அம்மா, இப்ப பேச முடியல. வந்து சொல்றேன்.'

லொரேல்லா அதைத் தித்தீனாவிடம் காட்டினாள். தித்தீனா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அழுக்கே இல்லாத கண்ணாடி.

நல்ல சேதியாக இருந்தால் அதை எழுத ஒரு சொல் போதாதா? அந்தப் பெண் ஏன் எழுதவில்லை?

"பையக் கட்டி வச்சிருக்கே," என்றாள் தித்தீனா, சோபாவின் பக்கம் பார்க்காமலே.

"பாத்தீங்களா?"

"என் வீட்டுல ஒரு பை கட்டினா எனக்குத் தெரியாதா?"

லொரேல்லா பானையைக் கிளறினாள். அடியில் பிடிக்கவில்லை. ஆனாலும் கிளறினாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டா," என்றாள் தித்தீனா. "எனக்குப் பதினேழு வயசிருக்கும். அப்பவும் இதே மாதிரி நிலம் தூக்கிச்சு. லாரியில எங்களை ஏத்தினாங்க. ரெண்டு வாரத்துல திரும்பிடலாம்னு சொன்னாங்க. நான் துவைச்ச பாவாடையக் கொடியிலேயே விட்டுட்டு வந்தேன். ரெண்டு வாரத்துல வந்துடுவோமே, எதுக்கு எடுக்கணும்னு."

"அப்புறம்?"

"அப்புறம்தான் இந்த வீடு."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பாவாடை என்ன நிறம் என்று லொரேல்லாவுக்குக் கேட்கத் தோன்றியது.

அப்போதுதான் அது வந்தது.

முதலில் சத்தம். தூரத்தில் யாரோ இரும்புக் கதவை அறைந்த மாதிரி. பிறகு தரை. கொக்கியில் தொங்கிய கோப்பைகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. விளக்கு ஆடியது. ஜாடிக்குள் பாஸ்தா சலசலத்தது.

நின்றது.

அடுத்த வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. மாடியில் யாரோ "கடவுளே, கடவுளே" என்றார்கள். தெருவில் ஒரு கார் தானாக அலறியது.

தித்தீனாவும் லொரேல்லாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கீழே பார்த்தார்கள். பானையின் இரண்டு காதுகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

சூடு அப்புறம்தான் உறைத்தது.

"ஐயோ!"

"தண்ணி, தண்ணியத் திற!"

ஒரே குழாயின் கீழ் நான்கு கைகள். தண்ணீர் ஓடியது. தித்தீனாவின் தோள் முதலில் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தாள் லொரேல்லா. இல்லை.

"மேஜைக்கு அடியில போங்கன்னு சொல்லிக் கொடுத்தாங்க," என்று சிரிப்புக்கு நடுவில் மூச்சு வாங்கினாள் தித்தீனா. "வாசல் நிலையில நில்லுங்கன்னு சொன்னாங்க. பானைக் காதைப் பிடிங்கன்னு எவனும் சொல்லல!"

"ஒரு சொட்டு சிந்தல அண்ணி, பாருங்க. ஒரு சொட்டு சிந்தல!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அடங்கினதும் போனைப் பார்த்தார்கள். அது அப்படியே கிடந்தது. இந்த நடுக்கத்துக்கும் பிறகு அந்தச் சுவரைப் பார்க்கிற இன்ஜினியர் என்ன சொல்வார் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

லொரேல்லா கையைத் துடைத்தாள். ஜாடியின் மூடியைத் திருகினாள். அடுப்பைப் பெரிதாக்கினாள். சூப் கொப்பளித்ததும் ஜாடியை அப்படியே பானையில் கவிழ்த்தாள்.

"லொரேல்லா!"

குழாயும் சிப்பியும் சுருளும் உடைந்த ஸ்பகெட்டியும் தடதடவென்று உள்ளே போயின.

"என்ன பண்றே நீ? அவன் கூப்பிடலியே! கூப்பிடாம யாராவது பாஸ்தா போடுவாங்களா? நல்லா இருக்குமா அது? நாளும் கிழமையுமா?"

"வருவான்."

"கூப்பிடலேன்னா என்ன அர்த்தம்னு அவனே சொல்லிட்டுப் போனானேம்மா!"

"சுவர் நின்னாலும் வருவான், விழுந்தாலும் வருவான். சாமானைத் தூக்கிக்கிட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவான். அப்படி வர்றவனுக்கு ரொட்டியா எடுத்து வைப்பேன்?"

தித்தீனா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்போ ரொவீகோ?"

"ரொவீகோவுல என்ன இருக்கு? எங்க அண்ணி இருக்கா." லொரேல்லா கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "அவளுக்குப் பானைய எவ்வளவு திறந்து வைக்கணும்னுகூடத் தெரியாது."

பிறகு கரண்டியை நிறுத்தினாள். குரல் இறங்கியது.

"அவன் கை கயிறு கட்டற கை அண்ணி. அங்கே கூட்டிட்டுப் போய் எதுல கட்டச் சொல்றது? எங்க அண்ணன் டிராக்டர் குடோன்ல வேலை தர்றேன்னான். நாலு நாளா யோசிச்சுப் பாக்கறேன். குடோன்ல பியாஜோவ நிக்க வச்சுப் பாக்கறேன், பாக்கறேன்... நிக்க மாட்டேங்கறான். கட்டடம் தேறாட்டா இங்கேயே எங்கியாவது ஒரு அறை பாக்கறோம். இல்ல, இந்த சோபாவுலேயே கிடக்கறோம். நீங்க திட்டிக்கிட்டே இருங்க."

தித்தீனா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எப்போதும் வருகிறதைச் சொன்னாள்.

"வெந்நீர் வை. அந்தச் சிப்பி ரொம்பக் குடிக்கும்."

அதன் பிறகு அந்தச் சமையலறையில் சண்டை இல்லை. ஒருத்தி வெந்நீரை ஊற்றினாள், இன்னொருத்தி கிளறினாள். உப்பு போட்டார்கள். தித்தீனா ருசி பார்த்து, "இன்னும் ஒரு சிட்டிகை" என்றாள். லொரேல்லா மறுபேச்சில்லாமல் போட்டாள். பாஸ்தா வெந்ததும் அடுப்பை அணைத்து, முழுக்க மூடி வைத்தார்கள். இந்த சூப் உடனே சாப்பிடுகிற சூப் அல்ல. கொஞ்சம் ஓய்வெடுக்க வேண்டும்.

அது ஓய்வெடுத்தது. போதுமான அளவுக்கு எடுத்தது. பிறகும் எடுத்தது.

லொரேல்லா மூடியைத் திறந்து பார்த்தபோது தண்ணீர் என்று எதுவும் இல்லை. மரக்கரண்டியை நடுவில் நட்டாள். அது சாயாமல் நின்றது.

"அண்ணி, இது சூப் இல்ல. சிமெண்ட்."

"அந்த மாடிப்படிச் சுவருக்குப் பூசலாம்," என்றாள் தித்தீனா.

அப்போது சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

இலாரியா முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் பியாஜோ. கையில் பெட்டி இல்லை, சாமான் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் இன்னும் மாறித்தான் இருந்தது.

"என்ன?" என்றாள் லொரேல்லா. "என்ன சொன்னார்?"

"இருக்கலாமாம்!" என்று கத்தினாள் இலாரியா. "அம்மா, இருக்கலாமாம்! விரிசல் சுவர்லதானாம், தூண்ல இல்லியாம். அவர் சுத்தியல வச்சு ஒவ்வொரு தூணையும் தட்டித் தட்டிக் கேட்டார். மாடிப்படிக்கு மட்டும் இரும்புப் பட்டை போடணுமாம். அதைப் போட்டதும் போலாம்!"

லொரேல்லா நாற்காலியைத் தேடாமலே உட்கார்ந்தாள். நல்ல வேளையாக அங்கே ஒரு நாற்காலி இருந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது, இத்தனை வாரமாக உள்ளேயே கிடந்த மூச்சு.

தித்தீனா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு பாத்திரம் துடைக்கும் துணியால் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"கூப்பிட்டா என்னடா? ரெண்டே வார்த்தைதானே! நாங்க ரெண்டு பேரும் இங்கே செத்துப் பிழைச்சோம்!"

"அக்கா, அக்கா, இரு..."

"இப்ப நடுங்கிச்சே, அதுக்கப்புறமும் இருக்கலாம்னாரா?"

"அதுக்கு முன்னாடியே அவர் சொல்லிட்டுப் போயிட்டாரு அத்தை," என்றாள் இலாரியா. "நடுங்கினதும் அப்பா போன்ல கேட்டாரு. 'நடுங்கட்டும், தூண் நிக்கும்'னாரு."

"முன்னாடியேன்னா எப்போ?"

இலாரியா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பானையைப் பார்த்தார்.

"பசிக்குது," என்றான் பியாஜோ.

தட்டுகளில் சூப்பை ஊற்ற முடியவில்லை. வெட்டி வைக்க வேண்டியிருந்தது. மேலே பச்சை ஆலிவ் எண்ணெய் ஒரு சுற்று, மிளகு. பியாஜோ ஒரு வாய் எடுத்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய். ஒரு சிப்பிக்குள் ஒரு கொட்டை போய் உட்கார்ந்திருந்தது. கூழ் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது.

"பன்றித்தோல் போட்டியா அக்கா?"

"தவக்காலத்துலயா? வெறும் கொட்டைடா. உன் பொண்டாட்டி மசிச்சா."

"நல்லாயிருக்கு."

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் தித்தீனா. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது.

பியாஜோ பாதித் தட்டைக் காலி செய்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கரண்டி நின்றது.

"இரு. நான் கூப்பிடவே இல்லியே. பாஸ்தா எப்படி?"

லொரேல்லா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்டாட்டிதான் போட்டா," என்றாள் தித்தீனா. "நான் கத்தினேன். கேக்கல. சுவர் நின்னாலும் விழுந்தாலும் நீ சாப்பிட வருவியாம். ரொவீகோவுக்குப் போகலியாம். சோபாவுலேயே கிடப்பாளாம். இதெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்னாடி. தீர்ப்பு தெரியறதுக்கு முன்னாடி."

பியாஜோ மனைவியைப் பார்த்தான். கரண்டியை மெதுவாகத் தட்டில் வைத்தான். இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டால் மனிதன் சந்தோஷப்பட வேண்டும். அவன் முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்தது, பாதியில் நின்றது.

"அப்பா," என்றாள் இலாரியா. "நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"சாப்பிடு நீ."

"என்னடா?" என்றாள் தித்தீனா.

"என்ன?" என்றாள் லொரேல்லா.

பியாஜோ தண்ணீர் குடித்தான்.

"காலைல முதல்ல கட்டடத்துக்குப் போகல. படகுத்துறைக்குப் போனேன். காப்டன் லுப்ரானோவப் பாத்தேன். மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்."

"நின்னுக்கறேன்னா?"

"படகுலேர்ந்து. ரொவீகோவுக்கு வர்றேன்னு. உனக்கு... நீ தனியாப் போக வேண்டாம்னு."

லொரேல்லா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"அப்புறம்தான் இன்ஜினியர் இருக்கலாம்னார்," என்று அவன் தொடர்ந்தான். "போனை எடுத்தேன். நான் கூப்பிட்டா நீ சந்தோஷப்படுவே. அப்புறம் இதையும் சொல்லணும். முதல்ல போய் வார்த்தையத் திருப்பி வாங்கிட்டு, அப்புறம் கூப்பிடலாம்னு நினைச்சேன். படகு தீவுக்குப் போயிருந்தது. திரும்பற வரைக்கும் நின்னேன்."

"திரும்பி வந்ததும்?"

இலாரியாதான் பதில் சொன்னாள், காப்டனின் குரலிலேயே. "'காலைல போறேங்கறே, மத்தியானம் வர்றேங்கறே. நீ என்ன, பயணியா? என் மச்சான் மகனுக்குச் சொல்லிட்டேன். யோசிக்கறேன், போ.'"

லொரேல்லா எழுந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள். பியாஜோ கொஞ்சம் பின்னால் சாய்ந்தான், என்ன வருகிறது என்று தெரியாமல். அவள் அவன் சட்டையில் மாறியிருந்த பொத்தானை அவிழ்த்துச் சரியான ஓட்டையில் போட்டாள்.

"யாரைக் கேட்டு நின்னுக்கறேன்னு சொன்னே?"

"நீ மட்டும் யாரைக் கேட்டுப் பாஸ்தா போட்டே?"

அவள் சிரித்துவிட்டாள். அவன் தலையை இழுத்து வயிற்றோடு ஒரு நிமிஷம் அணைத்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டுக் கோட்டை எடுத்தாள்.

"சாயங்காலப் படகு எப்போ வரும்?"

"ஏன்? நீ எங்கே..."

"இரு, நானும் வர்றேன்," என்று தித்தீனா ஏப்ரனை அவிழ்த்தாள். "அந்த லுப்ரானோவ அவன் மூக்கு ஒழுகின காலத்துலேர்ந்து எனக்குத் தெரியும். அவனும் எங்க கூட அதே லாரியில வந்தவன்தான். வழி முழுக்க வாந்தி எடுத்தான், இப்போ காப்டனாம்."

"அக்கா, இது எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள விஷயம்..."

"நீ பாத்திரத்தைத் தேய். பானை அடிய ஊறப்போட்டுத் தேய்."

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காப்டனிடம் என்ன பேசுவது என்று பேசிக்கொண்டார்கள். தித்தீனா பயமுறுத்தலாம் என்றாள். லொரேல்லா கெஞ்சலாம் என்றாள். பஸ் கீழே இறங்குவதற்குள், லொரேல்லா முதலில், முடியாவிட்டால் தித்தீனா என்று முடிவாயிற்று. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போட்ட முதல் திட்டம் அதுதான்.

துறையில் காற்று அடித்தது. புரோச்சிதாப் படகு விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பியது. பயணிகள் பைகளோடு வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். காப்டன் லுப்ரானோ மேலே தன் அறை ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கயிற்றோடு நின்றது மச்சான் மகனும் இல்லை, வேறு யாரும் இல்லை. எஞ்சின் அறைக் கிழவர்தான், கையெல்லாம் கரியோடு. அவர் வீசினார். கயிறு தண்ணீரில் விழுந்தது. இழுத்து மறுபடி வீசினார். மறுபடியும் தண்ணீர்.

"எங்கேய்யா பாத்து வீசறே?" என்று மேலேயிருந்து காப்டன்.

"எஞ்சினைத்தான்யா எனக்குத் தெரியும்!" என்று கீழேயிருந்து கிழவர்.

மூன்றாவது தடவை கயிறு கரையில் வந்து விழுந்தது, லொரேல்லாவின் காலடியில். ஈரமாக, கனமாக. நுனியில் வளையம்.

இருபது வருஷத்துக்கு மேலாகத் துறையில் நின்று அவள் பார்த்த வேலை அது. குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். படகைக் கட்டும் இரும்புத் தூண் ஒரு எட்டு தூரத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் தித்தீனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாயிருப்பேம்மா, மாட்டிடு!" என்று காப்டன் கத்தினார். அப்புறம்தான் யாரென்று பார்த்தார். பின்னால் நிற்பது யாரென்றும் பார்த்தார்.

"மாட்டறேன் காப்டன்," என்றாள் லொரேல்லா, வளையத்தை நெஞ்சோடு பிடித்தபடி. "அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."